ஜோ ஹெண்டர்சனின் ‘இன்னர் அர்ஜ்’ எந்த ராகம்?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருபவர்களுக்கும் புரியும். கேட்டவர் ஏழெட்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றவர். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ என்ற ஜாஸ் ஆல்பம் அவருக்குப் பிடித்துப்போயிருக்கிறது. அதில் ‘ஸோ வாட்’ கேட்டபோது, “அட, இது கரஹரப்ரியா மாதிரி இருக்கே” என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மோடல் ஜாஸ் (ஒரே சுரவரிசையில் நிதானமாக நின்று வாசிக்கும் ஜாஸ்) என்றால் ஏறத்தாழ ராகம்தான், அடுத்து சாக்ஸபோன் வித்வான் ஜோ ஹெண்டர்சனின் ‘இன்னர் அர்ஜ்’ கேள் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். போட்டுப் பார்த்தால் தலைவலிதான் மிச்சம். எந்த ராகம் என்று பிடிபடவில்லை, ஆதார சுரமான ஷட்ஜம் எங்கே என்றும் தெரியவில்லை. “இது மோடல் ஜாஸ்தானா, இல்லை என் காதில்தான் கோளாறா?” என்று கேட்டிருக்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் ராகத்தின் பெயரைக் கேட்பது போலத் தெரிகிறது. உண்மையில் அவர் கேட்பது, ‘ஸோ வாட்’டில் உதவிய காது இங்கே ஏன் கைவிட்டது என்பதுதான். உங்கள் காதில் கோளாறு இல்லை. ஷட்ஜத்தைத் தேடி அது கிடைக்காமல் தவித்தீர்கள் என்றால், அந்தப் பாட்டில் நடப்பதைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் வயலின் கற்றேன், வர்ணத்தோடு நின்றுவிட்டது. இருபத்து மூன்று வயதில் டெனர் சாக்ஸபோன் கைக்கு வந்தது. அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேலாகச் சர்ச், கல்யாண ரிசப்ஷன், ஹோட்டல் லாபி என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஊதியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஹார்மனி சொல்லிக்கொடுக்கிறேன். டிரம்ஸ் எனக்கு வராது, அதனால் இந்தப் பாட்டின் டிரம்மர் எல்வின் ஜோன்ஸைப் பற்றிக் கீழே எழுதுவதெல்லாம் பக்கத்தில் நின்று கேட்பவன் பேச்சு. கர்நாடக சங்கீதத்திலும் நான் வித்வான் இல்லை; தப்பிருந்தால் தெரிந்தவர்கள் திருத்தலாம்.

‘இன்னர் அர்ஜ்’ பாட்டின் பெயர், அது வந்த ஆல்பத்தின் பெயரும் அதுதான். ஆல்பத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை இவை. 1964 நவம்பர் 30 அன்று, நியூ ஜெர்சி மாநிலத்தின் இங்கிள்வுட் க்ளிஃப்ஸில் இருந்த ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில், ப்ளூ நோட் கம்பெனிக்காகப் பதிவானது. வெளிவந்தது 1966-இல். டெனர் சாக்ஸபோன் ஜோ ஹெண்டர்சன், பியானோ மெக்காய் டைனர், பேஸ் பாப் க்ரான்ஷா, டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். மொத்தம் ஐந்து பாட்டு. மூன்று ஹெண்டர்சன் எழுதியவை: ‘இன்னர் அர்ஜ்’, ‘ஐசோடோப்’, ‘எல் பார்ரியோ’. மற்ற இரண்டில் ‘யூ நோ ஐ கேர்’ டியூக் பியர்சனுடையது, ‘நைட் அண்ட் டே’ கோல் போர்ட்டரின் பழைய பாட்டு.

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். டைனரும் எல்வின் ஜோன்ஸும் அப்போது ஜான் கோல்ட்ரேனின் குழுவில் நிரந்தர ஆட்கள். இந்த ஆல்பம் பதிவாகி ஒன்பதே நாளில், டிசம்பர் 9 அன்று, அதே ஸ்டூடியோவில் இதே இரண்டு பேரும் கோல்ட்ரேனோடு உட்கார்ந்து ‘எ லவ் சுப்ரீம்’ வாசித்தார்கள். மோடல் ஜாஸின் இரண்டு பெரிய ஆல்பங்கள், ஒரே கூரைக்குக் கீழே, பத்து நாளுக்குள். இதை வைத்து ஹெண்டர்சனை ‘கோல்ட்ரேனின் நிழல்’ என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தவிலும் நாகஸ்வரமும் போல இங்கே பியானோவுக்கும் டிரம்ஸுக்கும் ஏற்கனவே ஒரு பழக்கம் இருக்கிறது, அது உண்மை. அதன் மேல் வந்து உட்கார்ந்தவர் வேறு குணம். கோல்ட்ரேன் பிரார்த்தனை மாதிரி வாசிப்பார், ஹெண்டர்சன் விவாதம் மாதிரி வாசிப்பார். ஒரு சின்னச் சொற்கட்டை எடுத்து, திருப்பிப் போட்டு, பாதியில் வெட்டி, நாம் எதிர்பார்க்காத இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். தொனியும் கோல்ட்ரேன் அளவுக்குக் கனமாக இருக்காது. கொஞ்சம் உலர்ந்த, கிட்டத்தட்டப் பேச்சுக் குரல்.

ஹெண்டர்சன் ஒஹாயோ மாநிலத்தின் லைமா என்ற ஊரில் 1937-இல் பிறந்தவர். பெரிய குடும்பம், வீட்டில் பதினைந்து பிள்ளைகள். டெட்ராய்ட்டில் படித்து, இரண்டு வருடம் ராணுவ வாத்தியக் குழுவில் வாசித்துவிட்டு, 1962-இல் நியூயார்க் வந்தார். அங்கே டிரம்பெட் வித்வான் கென்னி டோர்ஹாம் அவரைக் கைதூக்கிவிட்டார். 1963-இல் முதல் ஆல்பம் ‘பேஜ் ஒன்’. லீ மார்கனின் ‘த சைட்வைண்டர்’, ஹோரேஸ் சில்வரின் ‘சாங் ஃபார் மை ஃபாதர்’ என்று அந்த வருடங்களில் அடுத்தவர் ஆல்பங்களில் அவர் ஊதியதே ஒரு அலமாரி நிறையும். ‘இன்னர் அர்ஜ்’ என்ற தலைப்புக்கு அவரே காரணம் சொல்லியிருக்கிறார்: நியூயார்க் என்ற அந்தப் புதிர்க்கட்டத்துக்குள் வழி தேடுகிறவனுக்கு வரும் கோபமும் எரிச்சலும்தான், அந்த ஊரில் பிழைத்துக் கிடக்கவே ஓட வேண்டிய ஓட்டம்தான் இந்தப் பாட்டு என்று. உங்களுக்கு வந்த தலைவலி அவர் நினைத்ததற்கு ரொம்பத் தூரம் இல்லை.

சரி, ராகத்துக்கு வருவோம். ‘மோட்’ என்று மேற்கத்தியர் சொல்வது ஏழு சுரங்களின் ஒரு வரிசை. சங்கராபரணத்தை வைத்து கிரகபேதம் செய்தால் என்னென்ன வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரிஷபத்தை ஷட்ஜமாக்கினால் கரஹரப்ரியா, காந்தாரத்தில் தோடி, மத்யமத்தில் கல்யாணி, பஞ்சமத்தில் ஹரிகாம்போஜி, தைவதத்தில் நடபைரவி. நிஷாதத்தில் மட்டும் பஞ்சமமே இல்லாமல் இரண்டு மத்யமத்தோடு ஒன்று வந்து, மேளகர்த்தாவில், அதாவது 72 தாய் ராகங்களின் பட்டியலில், இடம் கிடைக்காமல் வெளியே நிற்கும். மேற்கத்திய மோட்களும் இதே ஏழுதான்: டோரியன், ஃப்ரிஜியன், லிடியன், மிக்ஸோலிடியன், ஏயோலியன், கடைசியில் லோக்ரியன், சங்கராபரணம் அயோனியன். சுரப்பட்டியலாகப் பார்த்தால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ‘ஸோ வாட்’டில் கரஹரப்ரியா கேட்டேன் என்றீர்களே, அது டோரியன். சரியாகவே கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியல் ஒன்றானால் ராகமும் ஒன்றா என்றால், அங்கேதான் நண்பர் சொன்னது பாதியில் நின்றுவிடுகிறது. கல்யாணியைக் கல்யாணி ஆக்குவது ஏழு சுரம் மட்டும் இல்லையே. எந்தச் சுரத்தை எப்படி அசைப்பது, எங்கே நிற்பது, எந்தப் பிடியைக் கேட்டதும் முன்வரிசை மாமா தலையாட்டுவார், இதெல்லாம் சேர்ந்ததுதான் ராகம். மோட் என்பது காலி மனை மாதிரி. எல்லைக்கல் நட்டிருக்கும், உள்ளே வீடு எப்படிக் கட்டுவது என்பது வாசிப்பவர் இஷ்டம். ஹெண்டர்சனிடம் கமகம் தேடாதீர்கள், ஏமாற்றமாக இருக்கும். அவர் சுரத்தை அசைக்க மாட்டார். அதைச் சுற்றி வேகமாகப் பின்னுவார், திடீரென்று ஒரே இடத்தில் நடுங்க வைப்பார், அல்லது ஊதலை முரடாக்கி ஒரு சுரத்துக்குள் இரண்டு சத்தம் வரவைப்பார். சாக்ஸபோனில் கமகம் வரவே வராது என்று யாராவது சொன்னால் கத்ரி கோபால்நாத்தைக் கேட்கச் சொல்லுங்கள். கருவி ஏறத்தாழ அதேதான், கேட்கிற கேள்விதான் வேறு.

இனி ‘இன்னர் அர்ஜ்’ பாட்டின் உள்ளே போவோம். மொத்தச் சுற்று 24 பார் (நாலு அடி சேர்ந்தது ஒரு பார்). முதல் 16 பாரில் நாலே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்), ஒவ்வொன்றுக்கும் நாலு பார். முதல் கார்டு எஃப் ஷார்ப்பில், அடுத்தது எஃப், அப்புறம் ஈ ஃப்ளாட், அப்புறம் டி ஃப்ளாட். நம் சுருதிப் பேச்சில், அதாவது சி-யை ஒரு கட்டையாக வைத்து எண்ணினால், நாலரைக் கட்டை, நாலு கட்டை, இரண்டரை, ஒன்றரை. முதல் கார்டு மட்டும் மேலே சொன்ன, மேளகர்த்தாவில் சேராத அந்த அநாதை வடிவம். அடுத்த மூன்றும் லிடியன், அதாவது கல்யாணி. நாலு கட்டையில் கல்யாணி, இரண்டரையில் கல்யாணி, ஒன்றரையில் கல்யாணி.

புரிகிறதா நடப்பது? ராகமாலிகையில் தம்புரா அசையாது, ராகம் மாறிக்கொண்டே போகும். இங்கே ராகம் அப்படியே நிற்கிறது, தம்புராவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்! அதுவும் நமக்குப் பழக்கமில்லாத முறையில், ஒரு எச்சரிக்கையும் இல்லாமல். உங்கள் காது ஷட்ஜத்தைப் பிடித்து உட்காரும் நேரத்தில் அது எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. ‘ஸோ வாட்’டிலும் இது நடந்தது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அங்கே 32 பாரில் 24 பார் இரண்டு கட்டை, நடுவில் 8 பார் மட்டும் இரண்டரைக் கட்டை. அரைக் கட்டை மேலே ஏறிவிட்டுத் திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதனால் வீடு எது என்பதில் குழப்பமே வராது. ‘இன்னர் அர்ஜ்’ஜில் வீடு எது என்று என்னைக் கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்றுதான் சொல்வேன். வாடகை வீடுதான் எல்லாம்.

ஒரு கீபோர்டு இருந்தால், போன் ஆப் இருந்தாலும் போதும், இதைச் செய்து பாருங்கள். நாலு கட்டையை, அதாவது எஃப்-ஐ, ஷட்ஜமாக வைத்துக் கல்யாணி ஆரோகணம் வாசியுங்கள். கறுப்புக் கட்டையையே தொட வேண்டியிருக்காது, முழுக்க வெள்ளை. இப்போது அந்த எஃப்-ஐ மட்டும் எஃப் ஷார்ப்பாக மாற்றி, அங்கிருந்து தொடங்கி மற்ற வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசியுங்கள். அதுதான் முதல் கார்டுக்கு எல்லோரும் முதலில் எடுக்கும் சுரவரிசை. அதாவது பாட்டின் முதல் இரண்டு இடங்களுக்கும் ஆறு சுரம் பொது. கீழே இருக்கும் ஆதாரம் மட்டும் அரைக் கட்டை சரிகிறது. மேலே கூரை அப்படியே இருக்க, தரை மட்டும் ஒரு படி இறங்கியது மாதிரி ஒரு உணர்வு. முதல் தடவை இது விரலில் புரிந்தபோது நான் சாக்ஸபோனை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தேன். அடுத்து நாலிலிருந்து இரண்டரைக்குப் போகும்போது இரண்டு சுரம் மாறும், ஐந்து சுரம் பொது. இரண்டரையிலிருந்து ஒன்றரைக்கும் அதே கணக்கு. மெதுவாகச் செய்தால் இதில் பயங்கரம் ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுக்குப் போகிற மாதிரிதான்.

பயங்கரம் கடைசி எட்டு பாரில் இருக்கிறது. அங்கே ஒரு பாருக்கு ஒரு கார்டு, எட்டும் மேஜர் ஏழாம் கார்டு (சங்கராபரணத்தின் ச, க, ப, நி சேர்ந்தது). வரிசை இது: ஈ, டி ஃப்ளாட், டி, பி, சி, ஏ, பி ஃப்ளாட், ஜி. கட்டையில் சொன்னால் மூன்று, ஒன்றரை, இரண்டு, ஏழு, ஒன்று, ஆறு, ஆறரை, ஐந்து. லாட்டரி நம்பர் மாதிரி இருக்கிறது, ஆனால் ஒழுங்கு உண்டு. ஜோடி ஜோடியாகப் பாருங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் மூன்று அரைச்சுரம் கீழே விழும், அங்கிருந்து ஒரு அரைச்சுரம் மேலே ஏறி அடுத்த ஜோடியைப் பிடிக்கும். ஏணியில் மூன்று படி இறங்கி, ஒரு படி ஏறி, மறுபடி மூன்று இறங்குகிற மாதிரி. இந்த மூன்று அரைச்சுர இறக்கத்தின் மேல் ஹெண்டர்சனுக்கு அப்போது ஒரு மோகம் இருந்திருக்கிறது. அதே ஆல்பத்தில் ‘ஐசோடோப்’ 12 பார் ப்ளூஸ். அதன் கடைசி இரண்டு பாரிலும் இதே மூன்று மூன்றாக இறங்கும் கார்டுகள்தான். அந்தப் பாட்டு பியானோ வித்வான் தெலோனியஸ் மங்க்கின் நகைச்சுவைக்கு ஒரு வணக்கம். ‘இன்னர் அர்ஜ்’ஜில் எரிச்சலாக வருவது அங்கே குறும்பாக வருகிறது.

ஆக, ‘இது மோடல்தானா’ என்ற கேள்விக்கு என் பதில்: மூன்றில் இரண்டு பங்கு மோடல். மோடல் ஜாஸ் பிறந்ததே கார்டு மாற்றங்களின் நெரிசலிலிருந்து தப்பிக்கத்தான். 1959 மார்ச்சிலும் ஏப்ரலிலும் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவானது, ஒரு மோடில் நிதானமாக உட்காரும் இசை. அதில் வாசித்த கோல்ட்ரேன் அதே வருடம் மே மாதம் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ பாட்டைப் பதிவு செய்தார், அது கார்டு மாற்றத்தின் உச்சம், மூச்சு விட நேரம் கிடையாது. ஒரே மனிதர், இரண்டு எதிர்த்திசை. ஐந்து வருடம் கழித்து ஹெண்டர்சன் இரண்டையும் ஒரே சுற்றுக்குள் போட்டு மூடிவிட்டார். 16 பார் உட்கார், 8 பார் ஓடு, மறுபடி உட்கார். இந்த ஆல்பத்தின் துணிச்சல் என்று நான் நினைப்பது இதைத்தான். கார்டைத் தூக்கி எறிந்துவிட்டுச் சத்தம் போடுவது அந்தக் காலத்தில் பலரும் செய்த துணிச்சல். விதியை விடாமல் வைத்துக்கொண்டே தரையை நகர்த்துவது வேறு ரகம். ஆனால் இது என் தரப்பு. கடைசி எட்டு பார் இருப்பதாலேயே இதை மோடல் என்று சொல்லக் கூடாது என்று வாதிடுபவர்களும் உண்டு, அவர்களிடம் நியாயம் இல்லாமலில்லை. இன்னொன்று, அந்த எட்டு கார்டையும் லிடியனாகக் கொள்வதா, வெறும் மேஜராகக் கொள்வதா, அதாவது கல்யாணியா சங்கராபரணமா என்பது கையில் இருக்கும் நோட்டைப் பொறுத்து மாறும். அந்த வேகத்தில் மத்யமத்தைத் தொடுவதற்குள் அடுத்த கார்டு வந்துவிடும் என்பதால், நடைமுறையில் இந்தச் சண்டைக்குப் பெரிய பலன் இல்லை.

நான் இந்த எட்டு பாரில் பட்ட அவமானம் ஒன்று உண்டு, சொல்லலாம். ஒரு ஜாம் செஷனில் தைரியமாக இந்தப் பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டேன். டெனர் சாக்ஸபோன் பி ஃப்ளாட் வாத்தியம், பியானோவில் எஃப் என்றால் நாங்கள் ஜி வாசிக்க வேண்டும். வீட்டில் மனப்பாடம் செய்தபோது முதல் பாதியை எங்கள் கணக்கிலும் கடைசி எட்டைப் பியானோ கணக்கிலும் ஏற்றிவைத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்! முதல் சுற்று பதினேழாவது பாரில் நான் ஒரு முழுக் கட்டை கீழே போய்விட்டேன். பேஸ் வாசித்தவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மூன்று சுற்று இப்படியே ஓடியது. இறங்கியதும் ஒரு பையன் வந்து, “அண்ணா, கடைசில ரொம்ப மாடர்னா இருந்துச்சு” என்றான்.

கேட்பதற்கு என்ன வழி என்றால், நீங்கள் தாளம் போடத் தெரிந்தவர், அதைப் பயன்படுத்துங்கள். பாட்டின் அடி வேகமாக இருக்கும், அதற்குப் போட்டால் கை வலிக்கும். இரண்டு அடிக்கு ஒரு அட்சரம் என்று பாதி வேகத்தில் ஆதி தாளம் போடுங்கள். நாலு பார் சரியாக ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, ஆகிவிடும். முழுச் சுற்றும் ஆறு ஆவர்த்தனம், ஏறக்குறைய அரை நிமிடம். முதல் நாலு ஆவர்த்தனத்தில் ஒவ்வொரு சமத்திலும் (ஆவர்த்தனத்தின் முதல் தட்டு) சுருதி மாறும். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் லகுவின் தட்டில் ஒன்று, மோதிர விரல் எண்ணும்போது ஒன்று, முதல் த்ருதத்தின் தட்டில் ஒன்று, இரண்டாவது த்ருதத்தின் தட்டில் ஒன்று, இப்படி நாலு நாலாக எட்டு மாற்றம். முதலில் மெலடி வரும் இடத்தில் மட்டும் இதைப் போட்டுப் பாருங்கள், நாலைந்து தடவை. ஹெண்டர்சனின் சோலோ அதற்கு அடுத்ததாகவே தொடங்கும். அவர் எவ்வளவு தூரம் போனாலும் உங்கள் கை எண்ணிக்கொண்டிருக்கட்டும். ஐந்தாவது ஆவர்த்தனம் வரும்போதெல்லாம் அவர் வாசிப்பு இறுகுவதும், சமத்துக்குத் திரும்பியதும் தளர்வதும் தானாகவே காதில் விழ ஆரம்பிக்கும். பாட்டு சுமார் 12 நிமிடம் ஓடும், முழுவதையும் ஒரே நாளில் எண்ண வேண்டிய அவசியம் இல்லை.

எண்ணும்போது டிரம்ஸை நம்பாதீர்கள், அது உங்களைக் கவிழ்த்துவிடும். சாதாரண ஜாஸ் டிரம்மர் பார் தொடங்கும் இடத்தை எங்காவது காட்டிக்கொடுப்பார். எல்வின் ஜோன்ஸ் மூன்று மூன்றாகப் பிரிந்த அடிகளைக் கை, கால் நாலிலும் உருட்டி, பார் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய் வேறெங்கோ இறக்குவார். நாலு நாலான சதுஸ்ர நடைக்குள் மூன்று மூன்றான திஸ்ரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கோர்வை மாதிரி முன்கூட்டிய கணக்கு இல்லை, அலை மாதிரி. அலையை எண்ண முடியாது, கரையைத்தான் பார்க்க வேண்டும். கரை இங்கே பாப் க்ரான்ஷாவின் பேஸ். மற்ற மூவரும் பேர்பெற்றவர்கள் என்பதால் அவரை யாரும் கவனிப்பதில்லை. ‘சைட்வைண்டர்’ பாட்டில் காலாட்ட வைக்கும் அந்த பேஸ் இவருடையதுதான். பிற்பாடு பல பத்தாண்டுகள் டெனர் வித்வான் சன்னி ரோலின்ஸுக்கு வாசித்தவர். இங்கே அவர் ஒரு கோமாளித்தனமும் செய்யாமல் ஒவ்வொரு சுருதி மாற்றத்தையும் நேரத்துக்கு அறிவித்துக்கொண்டு போகிறார். நடமாடும் தம்புரா என்று தேடினால் அது இவர்தான்.

மெக்காய் டைனரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நீங்கள் ‘கார்டு கேட்கிறது, ஆனால் சந்தோஷமா சோகமா என்று சொல்லவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். நல்ல கவனிப்பு. வழக்கமான கார்டில் ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் என்று அடுக்குவார்கள்; காந்தாரம் பெரியதா சிறியதா என்பதில்தான் மேஜர், மைனர் தீர்மானமாகும். டைனர் பெரும்பாலும் அப்படி அடுக்க மாட்டார். ஷட்ஜத்திலிருந்து மத்யமத்துக்கு இருக்கும் தூரம் இருக்கிறதே, அந்தத் தூரத்திலேயே மேலே மேலே அடுக்கிக்கொண்டு போவார். அப்படி அடுக்கிய கார்டு பெரிதாகவும் திறந்தும் ஒலிக்கும், ஆனால் எந்தப் பக்கமும் சாயாது. மேலே ஊதுபவருக்கு அது பெரிய சௌகரியம், எந்தச் சுரத்தில் நின்றாலும் இடிக்காது. கேட்பவருக்கு அதே காரணத்தால் பிடிமானம் குறையும். ‘எ லவ் சுப்ரீம்’ கேட்டால் இதே கையை உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

நண்பர் உங்களுக்குச் செய்த ஒரே தப்பு, முதல் பாட்டிலிருந்து தொடங்க விட்டதுதான். நானாக இருந்தால் மூன்றாவதான ‘எல் பார்ரியோ’வை முதலில் போட்டிருப்பேன். அதற்கு எழுதிய மெலடி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஸ்பானிய வாடை வேண்டும் என்று சொல்லி, ஹெண்டர்சன் மற்ற மூவருக்கும் கொடுத்தது இரண்டே கார்டு: பி-யை மையமாக வைத்து ஒன்று, அதற்கு அரைச்சுரம் மேலே சி-யில் ஒன்று. மெலடியை அவர் அங்கேயே கற்பனையாக எடுத்தார். பி ஷட்ஜம் என்றால் சி சுத்த ரிஷபம். ச, ரி, ச என்று பாட்டு முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில் ஊஞ்சல் ஆடுகிறது. ஃப்ரிஜியன் நிறம், ஏழு கட்டையில் தோடியின் சுரங்கள். மறுபடி சொல்கிறேன், தோடியின் சுரங்கள், தோடி இல்லை. அந்தக் காந்தார அசைவு இல்லாமல் தோடி ஏது? ஆனால் ஷட்ஜம் எழுந்து ஓடாது. ஆலாபனை கேட்ட காதுக்கு இந்த ஆல்பத்தில் ரொம்ப நெருக்கமான இடம் இதுதான். ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதர் எவ்வளவு தூரம் கத்தலாம், முனகலாம், கெஞ்சலாம் என்று ஹெண்டர்சன் காட்டுவது இங்கேதான். இந்த ஆல்பத்தில் எனக்குப் பிடித்ததும் இதுதான், தலைப்புப் பாட்டு இல்லை. தலைப்புப் பாட்டை மதிக்கிறேன், இதை விரும்புகிறேன்.

‘யூ நோ ஐ கேர்’ மெதுவான பாட்டு, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள், விளக்கம் எதுவும் வேண்டாம். ‘நைட் அண்ட் டே’ பாட்டின் பழைய பதிவு ஏதாவது கேட்டுவிட்டு இங்கே வந்தால், கார்டுகளை ஹெண்டர்சன் எங்கெங்கே மாற்றியிருக்கிறார் என்று விளையாட்டாகத் தேடலாம்.

இந்திய சங்கீதத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். கோல்ட்ரேனுக்கு உண்டு. 1961-இல் ‘இந்தியா’ என்ற பெயரிலேயே ஒரு பாட்டு வாசித்தார், 1965-இல் பிறந்த மகனுக்கு ரவி சங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தார். ஆனால் ‘இன்னர் அர்ஜ்’ஜின் கல்யாணி எங்கள் ஊரிலிருந்து போனது என்று யாராவது பெருமையாக எழுதினால் நம்பாதீர்கள். லிடியனை ஜாஸின் மையத்துக்குக் கொண்டுவந்தது ஜார்ஜ் ரஸ்ஸல் 1953-இல் வெளியிட்ட ஒரு தியரிப் புத்தகம். அந்த யோசனைகள் அப்போது நியூயார்க் காற்றிலேயே இருந்தன. ஏழு சுரத்தை வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் சில இடங்களில் சந்தித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கல்யாணி, தோடி என்று நான் சொன்னதெல்லாம் உங்கள் காதுக்குக் கைப்பிடி. ஹெண்டர்சன் மனதில் அந்தப் பெயர்கள் இருந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இது பிடிபட்ட பிறகு அடுத்து என்ன என்றால், மெக்காய் டைனர் தன் பெயரில் 1967-இல் பதிவு செய்த ‘த ரியல் மெக்காய்’. அதிலும் டெனர் ஹெண்டர்சன்தான், டிரம்ஸ் எல்வின்தான். அங்கே எல்லோரும் இன்னும் கொஞ்சம் நிதானமாக மூச்சு விடுகிறார்கள். அதற்கப்புறம் ஹெண்டர்சன் 1973-இல் பதிவு செய்த ‘த எலிமெண்ட்ஸ்’. நெருப்பு, காற்று, நீர், நிலம் என்று நாலே பாட்டு, தபலா உண்டு. உங்களை இவ்வளவு அலைக்கழித்த அந்த நிற்காத ஷட்ஜம் அதில் ஒருவழியாக ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. நிஜத் தம்புராவே வைத்திருக்கிறார்கள், மீட்டுவது ஆலிஸ் கோல்ட்ரேன்.